"கேஸ் செலவில் பாதி" என்று பெல்லட் அடுப்பு விற்கிறார்கள், கவனம்

கோலாலம்பூர் பக்கம் பண்டிகைச் சந்தைகளில் "புகையில்லா பெல்லட் அடுப்பு, கேஸ் செலவில் பாதி" என்று பேனர் கட்டி விற்பவர்களைப் பார்த்தால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். பெல்லட் என்பது மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சின்ன எரிபொருள் குச்சி. எங்கள் குடும்பத்தில் 680 ரிங்கிட் போனது. அடுப்பைவிட அடுப்புக்குள் போடும் சரக்கில்தான் ஏமாற்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அண்ணி செந்தூலில் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர். 2025 மே மாதம், மானிய கேஸை வியாபாரத்துக்குப் பயன்படுத்துபவர்களைப் பிடிக்க 'ஓப்ஸ் காசாக்' சோதனை தொடங்கியபோது, பலகாரம் விற்பவர்கள் வீட்டு கேஸ் தோங்கை (சிலிண்டரை) தொட்டாலே அபராதம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. அப்போது மானிய விலையில் 14 கிலோ தோங் 26 ரிங்கிட் 60 சென். வணிகத் தோங் என்றால் சுமார் 70. சிறு, குறு உணவு வியாபாரிகள் மானியத் தோங்கையே பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் பிறகு அறிவித்தது. ஆனால் அதற்குள் பயம் எல்லா அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த அடுப்பு விற்ற ஆள் சந்தையில் கடை போட்டிருந்தார்.

"அக்கா, மானியமெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். இப்பவே மாறிட்டீங்கன்னா தப்பிச்சீங்க. பதினெட்டு வெள்ளி மூட்டை ஒண்ணு, ஒரு தோங்குக்குச் சமம்." அண்ணிக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். கையில் கொடுத்த துண்டுத்தாளில் பனி பெய்யும் ஊரில் யாரோ வரவேற்பறையில் கணப்பு அடுப்பு முன்னால் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் படம். செந்தூல் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்டேன். "டெக்னாலஜி அதேதான் தம்பி" என்றார்.

அதே டெக்னாலஜி இல்லை. படத்தில் இருப்பதற்குப் பின்னால் புகைபோக்கிக் குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது. இவர் விற்றது மூன்று கால் வைத்த ஒரு தகர உருளை, அடியில் சின்ன மின்விசிறி, அதை ஓட்ட ஒரு பவர் பேங்க். குழாய் கிடையாது.

இப்போது அந்த "மூட்டைக்கு ஒரு தோங்" கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கேஸில் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நன்றாக உலர்ந்த மரத்தூள் பெல்லட்டில் கிலோவுக்குச் சுமார் 17. அப்படியானால் 14 கிலோ தோங்குக்கு ஈடுகட்ட ஏறக்குறைய 38 கிலோ பெல்லட் வேண்டும். மூட்டை 15 கிலோ, 18 ரிங்கிட் என்றால் இது இரண்டரை மூட்டை, 45 ரிங்கிட்டுக்கு மேல். பாதியாவது ஒன்றாவது! மானியத் தோங்கோடு போட்டி போட்டால் பெல்லட் தோற்கும். வணிகத் தோங்கோடு போட்டால் காகிதத்தில் ஜெயிக்கும், அதுவும் சரக்கு உண்மையான மரத்தூளாக இருந்தால். எந்த எரிபொருளாக இருந்தாலும் மூட்டை விலையை ஒப்பிடாதீர்கள். கிலோவுக்கு எவ்வளவு வெப்பம், அதில் எவ்வளவு சட்டிக்குப் போகிறது என்று பாருங்கள். இந்த இரண்டாவது விஷயத்திலும் சாதாரண கேஸ் அடுப்புதான் முன்னால் நிற்கும்.

கடையில் எரித்துக் காட்டியதும், அடுப்போடு இலவசமாகக் கொடுத்ததும் வெளிர் நிறச் சரக்கு. மர வாசனை, சுத்தமான தீ, குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தீர்ந்து, ஆர்டர் சூடுபிடித்த நேரத்தில் மறுபடி வாங்கிய மூட்டைகளில்தான் வேறு சரக்கு வந்தது. கரும்பழுப்பு நிறம், கையில் எடுத்தால் உதிர்கிறது, புளித்த எண்ணெய் நாற்றம். மூட்டையில் 15 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. தராசில் வைத்தால் 13 கூட இல்லை.

பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் புகை கிளம்பி மேல்மாடிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அரைமணி நேரத்தில் தீ சுருங்கியது. முறுக்குக்கு எண்ணெய்ச் சூடு ஒரே சீராக நிற்க வேண்டும் என்பது சுட்டவர்களுக்குத் தெரியும். சூடு இறங்கியதும் முறுக்கு எண்ணெயைக் குடித்து நமுத்துப்போனது. ஒரு ஈடு முழுவதும் குப்பைக்குப் போயிற்று, மாவும் வெண்ணெயும் சும்மாவா வருகிறது? அண்ணி பேசாமல் பழைய கேஸ் அடுப்பை இழுத்துப் போட்டு மீதி மாவைப் பிழிந்தார். அடுப்பு ஆறியதும் உள்ளே பார்த்தால், சல்லடைத் தட்டின் மேல் கண்ணாடி உருகி இறுகினாற்போல் கட்டிகள். காற்றுத் துளைகள் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தன.

செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் அந்தக் குச்சியை ஒடித்து முகர்ந்ததுமே சொல்லிவிட்டார். இது தண்டான் கோசோங், அதாவது பழத்தை உதிர்த்தபின் ஆலையில் மிஞ்சும் வெறும் குலையின் நார். அதில் பொட்டாசியம் அதிகம். அந்தக் குலையை எரித்த சாம்பலைத்தான் முன்பு தோட்டத்தில் உரமாகப் போட்டார்கள். செடிக்கு நல்லது, அடுப்புக்கு ஆகாது. பொட்டாசியம் மிகுந்த சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று கட்டிய தொழிற்சாலைக் கொதிகலன் சமாளிக்கும், இந்தத் தகர உருளை சமாளிக்காது. ஐரோப்பாவில் வீட்டுக் கணப்புக்கு விற்கும் முதல்தர மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் 0.7 விழுக்காட்டையும் ஈரம் 10 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று தரவிதி இருக்கிறது. எங்கள் மூட்டையில் எடையைத் தவிர எதுவும் எழுதியிருக்கவில்லை, அந்த எடையும் பொய்.

விற்றவருக்குப் படம் அனுப்பினோம். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. விடாமல் அழைத்த பிறகு வந்த பதில்: "உங்க வீட்ல ஈரம் பட்டிருக்கும்." பெல்லட் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்து ஊதிப்போகும் என்பது உண்மைதான், ஆனால் ஈரத்தால் மரத்தூள் செம்பனை நாராக மாறாது. அடுப்பைத் திருப்பி எடுங்கள் என்றால், ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று மலாயில் அச்சடித்திருப்பதைக் காட்டினார். நல்ல பெல்லட் வெளியே வாங்கிப் போடுகிறோம் என்றால், வேறு சரக்கு போட்டால் வாரண்டி இல்லையாம்.

வெளியே வாங்குவதும் லேசில்லை. இங்கே செய்யும் பெல்லட் பெரும்பாலும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மொத்தமாகக் கப்பலேறுகிறது. சில்லறையில் சுலபமாகக் கிடைத்தது பூனைக்குக் கழிப்பிடமாகப் போடும் பைன் மரத்தூள் குச்சிதான். அந்த விலைக்கு வாங்கி எரித்தால் முறுக்கைத் தங்க விலைக்கு விற்க வேண்டும். அடுப்பு ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஆள் கொடுக்கும் சரக்கை, அவர் சொல்லும் விலையில் வாங்கித்தான் ஆக வேண்டும், அவருடைய வியாபாரமே அதுதான்.

பணத்தைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில். "புகை இல்லை, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம்" என்று அவர் சொல்கிறார். தீ சரியாக எரியாமல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஜன்னல் சாத்திய ஃப்ளாட்டில் ஆளையே கொன்றுவிடும். கரி அடுப்புக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே வாங்கியவர்கள் தயவுசெய்து வெட்டவெளியில் மட்டும் வையுங்கள்.

ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தை அது அழித்துவிடாது. சொன்ன வேலைக்கு உதவாத பொருளுக்கு நிவாரணம் கேட்கலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். எடைக் குறைவை உள்நாட்டு வாணிப அமைச்சிடம் தனியாகப் புகார் செய்யலாம். எங்களுக்கு இடறிய இடம் ஒன்றுதான்: ரசீதில் கடைப்பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டுமே இருந்தன, கம்பெனிப் பதிவு எண்ணும் முகவரியும் இல்லை. யார் மேல் மனு போடுவது? கடைசியில் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டில் இருந்த பெயரை வைத்துத்தான் மனு எழுதினோம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

சந்தையில் அந்த அடுப்பைப் பார்த்தால், காட்டுவதற்காக வைத்திருக்கும் சரக்கை விட்டுவிட்டு விற்பனை மூட்டை ஒன்றைப் பிரித்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள், அரைமணி நேரம் அங்கேயே நில்லுங்கள். பெல்லட் எதில் செய்தது என்பதையும் பதிவு எண்ணையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.