அம்மாவின் போன் பில் இமெயிலுக்குப் போனது, அம்மாவுக்கு இமெயில் கிடையாது

சேவை: வீட்டு லேண்ட்லைன், ஃபைபர் இணைப்பு
வாடிக்கையாளர்: என் அம்மா, வயது 79, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கம்
மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு

அம்மா வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பி தொங்குகிறது. மேலே கொக்கி, அடியில் வட்டமாக ஒரு மரத்துண்டு. கேஸ் ரசீது, வீட்டு வரி ரசீது, போன் பில் எல்லாம் அதில்தான் குத்தியிருக்கும். போன் பில் தபாலில் வந்த அன்றே கடைசித் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். பணம் கட்டிவிட்டு வந்ததும் மேல் மூலையில் ‘கட்டியாச்சு’ என்று எழுதி, தேதி போட்டுக் குத்துவார். அப்பா இறந்த மாதம்கூடத் தவறவில்லை. போன ஜனவரி பில்லுக்குப் பிறகு சில மாதம் அந்தக் கம்பியில் போன் பில் ஏறவில்லை.

ஜனவரியில் செம்புக் கம்பியை மாற்றி ஃபைபர் போட்டார்கள். சத்தம் தெளிவாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு மழைக்காலம் வந்தாலே லைனில் இரைச்சலாக இருக்கும், இப்போது இல்லை. ஒரு குறை உண்டு. செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் எங்களுடையவை. பேட்டரி ஒன்று சேர்த்து வைக்க வேண்டும் என்று வந்தவர் சொல்லவில்லை, நாங்களாகப் பிறகு வாங்கி வைத்தோம்.

இணைப்பு மாற்ற வந்த பையன் மொபைல் நம்பர் கேட்டிருக்கிறான். அம்மாவிடம் மொபைல் இல்லை. ஓடிபி வந்தால்தான் வேலை முடியும் என்பதால் தன் நம்பரையே போட்டு, இமெயில் கட்டத்தில் ஏதோ ஒன்றை அடித்துவிட்டுப் போய்விட்டான். அதே படிவத்தில் ‘காகித பில் வேண்டாம்’ என்ற இடத்திலும் டிக் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மொபைலும் இமெயிலும் இல்லாத ஒரு ஆள் வாடிக்கையாளராக இருக்க முடியும் என்று அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் நினைக்கவே இல்லையே, கோபம் அங்கேதான்.

பிப்ரவரியில் பில் வரவில்லை. மார்ச்சிலும் வரவில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் அம்மா கேட்டிருக்கிறார். புது லைன் போட்டதால் கணக்கு எழுதத் தாமதம் ஆகிறது போல என்று இருந்துவிட்டார். எச்சரிக்கைச் செய்தியெல்லாம் அந்தப் பையனின் மொபைலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் அதற்குள் வேலையை விட்டுவிட்டான்.

என் தம்பி தோஹாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. இங்கே மதியம் பன்னிரண்டரை, அங்கே காலை பத்து, அந்த நேரத்துக்கு அம்மாவுக்கு அடிப்பான். பன்னிரண்டு மணிக்கே அம்மா சோறு வடித்து வைத்துவிட்டு போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை போன் அடிக்கவில்லை. முதலில் வெளியே பேசுவதை வெட்டியிருக்கிறார்கள், அது அம்மாவுக்குத் தெரியாது, அவர் யாரையும் கூப்பிடுவது குறைவு. அப்புறம் வரும் அழைப்பையும் வெட்டிவிட்டார்கள். இரண்டு மணிவரை அங்கேயே இருந்திருக்கிறார்.

“அக்கா, அம்மைக்க போன் போகல்ல, நீ கொஞ்சம் பாரேன்” என்று தம்பி எனக்கு அடித்தபோது அவன் குரல் நடுங்கியது. நான் பக்கத்து வீட்டு மாமிக்குப் பேசி, அம்மா நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பில்லு வரல்ல மக்களே, பின்னே நான் எதைப் பார்த்துக் கெட்டுவேன்? நான் பைசா கெட்டாத்த ஆளாக்கும்னு அவியளுக்குத் தோணிற்றே.”

கட்ட வேண்டியிருந்தது இரண்டு மாதத்துக்கு 942 ரூபாய். மாதம் 399, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. தாமதக் கட்டணம் தனி. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கவரில் அந்தப் பணம் ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

இமெயிலை மாற்ற உதவி எண்ணுக்கு அடித்தேன். தமிழுக்கு எண் அழுத்தி, பில்லுக்கு எண் அழுத்தி, கடைசியில் ‘பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்’ என்றது. எந்த மொபைலுக்கு? அந்தப் பையனுடையதுக்கு. மூன்று முறை அதே இடத்தில் வந்து நின்றேன். அம்மாவையே அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி, அம்மாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் சொன்னது, “மேடம், பெரியவங்களுக்கு இதெல்லாம் புரியாது, உங்க நம்பரைப் போட்டுருங்க.”

அம்மாவுக்கு என்ன புரியாது? 1956 நவம்பர் 1இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே பள்ளிக்கூடம் போனவர். மலையாளமும் தமிழும் வாசிப்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகும் தினமும் வேதாகமம் ஒரு அதிகாரம். பில்லில் ஒரு ரூபாய் கூடியிருந்தாலும் கண்டுபிடிப்பார். கையில் தாளைக் கொடுத்தால் அவருக்கு யார் துணையும் வேண்டாம். என் நம்பரைப் போட்டால் அவருடைய கணக்கு என் தயவுக்கு வந்துவிடும். அது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன் அம்மாவே சொன்னார்: “எனக்க பேர்ல உள்ள போனு. எனக்க வீட்டுக்குத்தான் பில்லு வரணும்.”

தாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வங்கியில் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரம் புதுப்பிக்க இரண்டு மாதத்துக்குள் வந்த போன் பில்லை முகவரிச் சான்றாக எடுப்பார்கள். இமெயிலில் வரும் பில்லைப் பிரிண்ட் எடுக்க அம்மா ஆட்டோ பிடித்துப் பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைத்தாளில் ‘தபாலில் காகித பில் வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். 198க்கு அடித்துப் புகாரும் பதியுங்கள், டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், கட்டாயம் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 2012இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி இது. நாங்கள் அதுவரை போகவில்லை, எழுதிக் கொடுத்ததே போதுமாக இருந்தது. தாமதக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று லைனின் தெளிவுக்கு, இன்னொன்று அந்த நாற்காலிக்கு.

மே மாத பில் தபாலில் வந்தது. கவர் வந்து சேர்ந்தது 12ஆம் தேதி, கட்டக் கடைசி நாள் 16. நான் போய்ச் சேர்வதற்குள் அம்மா வட்டம் போட்டு, கட்டிவிட்டு வந்து, கம்பியில் குத்தியும் வைத்திருந்தார்.