எலியட்ஸ் கடற்கரை வலிப்பு நிதி நடை: கணக்கு சரி, கடிகாரம் சரியில்லை

நிதி திரட்டும் நடை என்று யார் அழைத்தாலும் நான் முதலில் பார்ப்பது ரசீதைத்தான். வங்கித் தணிக்கையில் தலை நரைத்தவன். வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை பெசன்ட் நகரில் நடத்திய நடைக்கு, மருமகளோடும் பேத்தியோடும் போயிருந்தேன். 2008இல் கனடாவைச் சேர்ந்த கேசிடி மேகன் என்ற சிறுமி, தனக்கிருந்த வலிப்பு நோயை மறைக்காமல் பேசுவதற்காகத் தொடங்கிவைத்த வலிப்பு விழிப்புணர்வு நாளான ஊதா தினம் மார்ச் 26. அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை.

தலைக்கு 400 ரூபாய். ரசீதில் பான் எண் முதல் நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை விவரம் வரை எல்லாம் இருந்தன. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை என்பதைப் பதிவு மேசையிலிருந்த பெண் கேட்காமலே சொன்னார். போன ஆண்டுக் கணக்கையும் ஒட்டியிருந்தார்கள்: மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனை, மாத மருந்து, வெளியூர்க் குடும்பங்களின் பயணச் செலவு. பந்தல் செலவைக் காணோமே என்றேன். "அது ஸ்பான்சர் கொடுத்தது சார்." அதையும் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கலாம்.

ஆறு மணி என்று போட்டுவிட்டு, சிறப்பு விருந்தினருக்காக ஏழு மணிவரை நிற்கவைத்தார்கள். மற்ற நடைகளில் இது வெறும் எரிச்சல். இங்கே அப்படியில்லை. தூக்கம் கெட்டாலும் மாத்திரை வேளை தவறினாலும் வலிப்பு வரக்கூடிய பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறோம். மேடையில் மின்னி மின்னி அணையும் விளக்குகள் வேறு. அப்படிப்பட்ட ஒளி எல்லோரையும் பாதிப்பதில்லை, வலிப்பு உள்ளவர்களில் சிறு பகுதியினரைத்தான். அந்தச் சிறு பகுதி வந்து நிற்கக்கூடிய இடம் வேறு எது? ஒரு தந்தை போய்ச் சொன்னபிறகு அணைத்தார்கள்.

நடை முடிந்து நடந்த முதலுதவி விளக்கத்துக்கே 400 ரூபாய் தகும். செவிலியர் ஒருவர் தன்னார்வலரைப் பாயில் கிடத்திக் காட்டினார். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இளநீர்க்காரர், "சாவிக்கொத்து கொடுத்தால் நிற்கிறதே அம்மா, நானே பார்த்திருக்கிறேன்" என்றார். செவிலியர் சிரிக்கவில்லை. "பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும் அண்ணா. நீங்கள் சாவியைத் தேடி எடுத்துவருவதற்கு அவ்வளவு நேரம் ஆகும்" என்றார். இளநீர்க்காரர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

என் பேத்திக்கும் வலிப்புதான், ஆனால் கைகால் வெட்டி இழுக்காது. பேச்சின் நடுவே சில நொடிகள் பார்வை நிலைகுத்தும், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். "வகுப்பில் கவனமில்லை" என்று நோட்டில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்திருந்த திண்டிவனத்துப் பெண்ணுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் மகனுக்கும் அதேதான். க்ளோபசாம் என்ற வலிப்பு மருந்து தட்டுப்பாடில்லாமல் எந்த மருந்துக்கடையில் கிடைக்கிறது, பள்ளிக்கு டாக்டர் கடிதத்தை எப்படி வாங்குவது என்று அவரும் மருமகளும் பேச உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் நாங்கள் யாரும் மருமகளுக்குச் செய்யாத உதவி அது.

காலைச் சிற்றுண்டி பொங்கலும் கேசரியும். ருசிக்குக் குறையில்லை. ஆனால் வலிப்பைக் கட்டுப்படுத்தக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுமுறையில் இருக்கும் குழந்தைகளுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் அளந்துதான் தரவேண்டும். ஒரு சிறுவன் அம்மா கொண்டுவந்த முட்டையை வைத்துக்கொண்டு அடுத்த தட்டுக் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கூட்டத்துக்குச் சமைப்பவர்கள் கேசரியை விட்டிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த முறை போகிறவர்கள் மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழந்தையை முன்னிரவிலேயே தூங்கவையுங்கள். அவர்கள் கொடுக்கும் ஊதா டி-ஷர்ட் பாலியஸ்டர், சென்னை மார்ச்சுக்கு ஆகாது. பருத்திச் சட்டையில் ரிப்பனைக் குத்திக்கொண்டாலே நடக்க விடுகிறார்கள்.