ஐவரியா, சாம்பல் வெள்ளையா: வேலூர் வீட்டுச் சுவருக்கு எது பொருந்தும்?

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்துப் பார்க்கும்போது ஐவரிக்கும் (தந்த நிறம்) சாம்பல் வெள்ளைக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஐவரியின் அடியில் மஞ்சளும், சாம்பல் வெள்ளையின் அடியில் கருமையோடு சிறிது பழுப்பும் இருக்கின்றன. சுவர் முழுவதும் பரவிய பிறகே அந்த அடிநிறம் வெளிப்படும் என்பதால், சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டின் ஹாலில் இரண்டையும் மூன்றடிச் சதுரங்களாகப் பூசி, ஒரு வாரம் கவனித்த பின்னரே முடிவெடுத்தோம்.

வடக்குச் சன்னலின் வெளிச்சம் நீலம் கலந்தது, ஆகவே அங்கு மஞ்சள் சாயல் கொண்ட நிறமே நல்லது என்று மேலைநாட்டுக் குறிப்புகள் கூறும். ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கும் வேலூருக்கு இது முழுமையாகப் பொருந்தாது. ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நம் உச்சிக்கு வடக்கே நிற்பதால், அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியே வெயில் நேராக உள்ளே விழுகிறது. அந்த வெயிலில் ஐவரி வெண்ணெய்போல் மஞ்சளித்து, அக்கினி நட்சத்திர நாள்களில் அறையையே கூடுதல் வெப்பமாகத் தோன்றச் செய்தது. சாம்பல் வெள்ளையோ, ஊரைச் சுற்றியுள்ள பாறை மலைகளைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, கண்ணுக்கு இதமாக இருந்தது.

தரையையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸுக்கு அருகில் ஐவரி பழைய சுவர்போல மங்கித் தெரியும். ரெட் ஆக்சைடு தரையுள்ள பழைய வீடுகளில் அதே ஐவரி, தரையின் செம்மையை வாங்கிக்கொண்டு மிக அழகாகப் பொலியும். அங்கே சாம்பல் வெள்ளை சற்று உயிரற்றுப் போகும்.

சாம்பல் வெள்ளையின் குறை இரவில்தான் தெரியும். 6500 கெல்வின் (இந்த எண் கூடினால் ஒளி நீலமாகும், குறைந்தால் மஞ்சளாகும்) எல்இடி விளக்கின்கீழ் அது நீலம் பாய்ந்து வெளிறிவிடுவதால், அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் 4000 கெல்வின் விளக்குகளுக்கு மாறுவது அவசியம். ஐவரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 3000 கெல்வின் விளக்கில் அதன் மஞ்சள் மிகுந்துவிடும்.

ஒரே தர எமல்ஷனில் இவ்விரண்டுக்கும் விலையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இருக்காது. சுவிட்சைச் சுற்றிப் படியும் கைக்கறையும் இரண்டிலும் தெரியும்.

டைல்ஸ் பதித்த எங்கள் ஹாலுக்குச் சாம்பல் வெள்ளையையே பூசினோம். பூஜையறைக்கு மட்டும் ஐவரி; அகல்விளக்கின் ஒளியில் அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை என்று கண்டோம்.