நாடக ரசனைத் தாள்: வாசிப்பதா, பார்ப்பதா, நடிப்பதா?

சென்னையில் இளங்கலை முதலாண்டில் சேரும் மாணவர் ஒருவர், தம் முதன்மைப் பாடத்துக்கு வெளியே நாடக ரசனையை விருப்பத் தாளாக எடுக்கும்போது, அந்தத் தாள் எந்தக் கல்லூரியில் உள்ளது, எத்தனை மதிப்பெண் வரும் என்றெல்லாம் விசாரிக்கிறார். அது எவ்வாறு நடத்தப்படுகிறது என்று மட்டும் கேட்பதில்லை. பெயர் ஒன்றுதான் என்றாலும் நடைமுறையில் அது மூன்று தனித்தனித் தாள்கள். நாடகப் பிரதிகளை வகுப்பில் வாசித்துத் தேர்வு எழுதுவது ஒரு வகை. அரங்குகளுக்குச் சென்று நிகழ்வுகளைப் பார்த்துக் குறிப்பெழுதுவது இன்னொன்று. பருவ முடிவில் மாணவர்களே ஒரு நாடகத்தை மேடையேற்றுவது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில் இங்கே ஒப்பிடுகிறேன். வாரத்துக்கு மூன்று மணி நேரமாகப் பதினைந்து வாரங்கள், ஆக 45 மணி நேரம் என்பதே மூன்றுக்கும் பொதுவான எல்லை.

நிர்வாகத்துக்கு மிகவும் வசதியானது வாசிப்பு வழி. செலவு இல்லை, வருகைப் பதிவில் சிக்கல் இல்லை, வினாத்தாள் அமைப்பதும் எளிது. பாடப்பொருளுக்கும் பஞ்சமில்லை. 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரிலிருந்து சங்கரதாஸ் சுவாமிகள், இந்திரா பார்த்தசாரதி, ந. முத்துசாமி வரை ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஒரே பருவத்தில் காட்டிவிடலாம். உரையாடல் மொழி எப்படி மாறியது, பாடல் எந்தக் கட்டத்தில் பின்னுக்குப் போனது, பேசாமல் விட்ட இடத்துக்கு எப்போது பொருள் வந்தது என்பனவற்றைப் பக்கத்தைப் புரட்டி நிறுத்தி நிதானமாகப் பேசுவதற்கு வேறு எந்த வழியும் இடம் தராது.

ஆனால் நம் மாணவர்களிடம் இந்த வழி ஒரு விசித்திரமான இடத்தில் தடுக்கி விழுகிறது. சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வை வகுப்பில் வாசிக்கத் தொடங்கினால், 1954இல் வந்த திரைப்படத்தின் குரல் அந்தப் பிரதியின் மேல் வந்து அமர்ந்துகொள்கிறது. படத்தைப் பார்த்திராத பிள்ளைகளும் அதன் வசனத்தை எங்கோ கேட்டிருக்கிறார்கள். சங்கிலிக் காட்சி என்றதுமே வாசிப்பவரின் தொண்டை தானாக உயர்கிறது. சம்பந்த முதலியார் எழுதியது வேறு நடை, வேறு வேகம் என்பதைப் பக்கம் பக்கமாகச் சுட்டினாலும் காது மசிவதில்லை. மேடைக் குறிப்புகளுக்கு நேர்வது இன்னும் மோசம். சாய்வெழுத்தில் இருக்கும் அந்த வரிகளைத் தாவிக் கடந்து அடுத்த வசனத்துக்குப் போவதுதான் பெரும்பாலான மாணவர்களின் பழக்கம்; நாடகத்தில் பாதி அந்த வரிகளில்தான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தியபோது இது எனக்கு நன்றாகப் புரிந்தது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் கொண்டது அரங்கம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைகள் மூன்று. மாணவர்கள் எல்லாவற்றையும் பிழையின்றி ஒப்பித்தார்கள். திரை எதற்கு என்று கேட்டபோது, ‘மூடுவதற்கு’ என்ற ஒரே பதில்தான் வந்தது.

பார்க்கும் வழிக்கு மாறிய ஆண்டில், செய்யாறு வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மகாபாரதக் கதையை ஆடும் தெருக்கூத்தான பாரதக் கூத்து பார்க்க ஒரு வகுப்பையே அழைத்துச் சென்றேன். இருவர் ஒரு துணியைக் கையால் பிடித்து நிற்க, அதன் பின்னால் துரியோதனன் ஆடத் தொடங்கினான். மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. முகவீணையும் மத்தளமும் ஏறிக்கொண்டே போக, அவன் தன் பெருமையைத் தானே பாடி, திரையை அசைத்து, வருவதுபோல் வந்து மீண்டும் மறைந்து, நெடுநேரத்துக்குப் பிறகுதான் முழுதாக வெளிப்பட்டான். உடனே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவனைப் பார்த்து, நீ யார் என்று கேட்டுக் கேலி செய்தான். மறைப்பதைவிட, வரப்போகிறவனுக்காக நம்மைக் காத்திருக்க வைப்பதே அந்தத் திரையின் வேலை. எழினியும் கூத்தின் திரையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிடுவது எளிது, மெய்ப்பிப்பது கடினம். ஆயினும் ஊர் திரும்பிய பிறகு அதே காதையை வாசித்தபோது, மறைந்து வருதல் எனப் பொருள்படும் கரந்துவரல் என்ற சொல்லில் ‘வரல்’ ஏன் இருக்கிறது என்று ஒரு வணிகவியல் மாணவி கேட்டார். வாசிப்பு வழியில் நடத்திய மூன்று ஆண்டுகளில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட எழவில்லை.

பார்க்கும் வழியின் பலம் சென்னையில் இரட்டிப்பாவதற்குக் காரணம், ஒன்றுக்கொன்று ஒத்துவராத அரங்குகள் இங்கே அருகருகே இருப்பதுதான். ஆழ்வார்ப்பேட்டை நாரத கான சபாவிலோ தியாகராய நகர் வாணி மகாலிலோ ஒரு சபா நாடகம் பார்க்கலாம். நடிகர்கள் பெரும்பாலும் பார்வையாளரை நோக்கியே நிற்பதும், வரிசையாக வந்து பேசிவிட்டு நகர்வதும், நகைச்சுவைத் துணுக்குக்குப் பின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பதும் முதல் பத்து நிமிடங்களிலேயே பிடிபடும். நீண்ட காலம் ஒலிவாங்கியை நம்பி வளர்ந்த மேடையில், நடிகர் எங்கே நிற்பது என்பதைக் கதைக்கு முன்பே ஒலிவாங்கி முடிவு செய்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை; வசனத்தை உயிராகக் கொண்ட ஒரு மரபு தன் உடலை அப்படி அமைத்துக்கொண்டது. பிறகு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் எழுந்த அரங்கில் ஒரு நாடகம், பெசன்ட் நகர்ப் பக்கம் நூறு பேர்கூட அமர முடியாத சிறு வெளியில் இன்னொன்று, தெருமுனையில் வட்டமாக நின்று பார்க்கும் வீதி நாடகம் ஒன்று. இந்த நான்கையும் கூத்தையும் ஒரே பருவத்தில் பார்த்தவருக்கு, நடிப்பு நன்றாயிருந்தது என்ற பொதுச் சொல் இனிப் போதாது.

அந்தப் போதாமையைத்தான் குறிப்பேடு பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நான் வைத்த விதி ஒன்று: முதல் பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டுமே இருக்க வேண்டும், ‘அருமை’, ‘மொக்கை’, ‘சூப்பர்’ எதுவும் கூடாது. இரண்டாம் பக்கத்தில் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, கருவியாகக் கொடுத்தேன்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எந்தக் கணத்தில் எது தோன்றியது, மேடையில் நடந்த எதனால் தோன்றியது என்று எழுத வேண்டும். இழிவுணர்வைக் குறிக்கும் இளிவரல் என்ற சொல்லை முதலில் கேலி செய்த மாணவர்களே, நாயகன் அவமானப்படும் காட்சியைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்று பின்னர் ஒத்துக்கொண்டார்கள்.

குறைகளும் உண்டு. நுழைவுச்சீட்டு, பேருந்துக் கட்டணம், இரவு நேரம், வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் மாணவிகளுக்கான அனுமதி என ஒவ்வொன்றும் தலைவலி. நாட்காட்டியும் ஒத்துழைப்பதில்லை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவின் கோடை நாடக விழா ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அப்போது பருவத் தேர்வு, அதன்பின் விடுமுறை. மார்கழியில் சபாக்கள் கச்சேரிக்கே போய்விடுகின்றன. பாரதக் கூத்துக்குப் பங்குனி முதல் ஆடி வரையே காலம் என்பதால், ஜூனில் தொடங்கும் பருவத்துக்குத்தான் அது வாய்க்கும். இந்தச் சிரமங்களுக்குப் பயந்து காணொளியைத் திரையிட்டு முடித்துவிடும் கல்லூரிகளும் இருக்கின்றன. அது வேறு பாடம். எங்கே பார்ப்பது என்பதைக் கேமரா முடிவு செய்துவிட்டால், பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவரைப் பார்க்கும் உரிமை பறிபோகிறது. ரசனைப் பயிற்சி அந்த உரிமையில்தான் தொடங்குகிறது.

மூன்றாவதான மேடையேற்ற வழிதான் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. எனக்கு மிகவும் சந்தேகத்துக்குரியது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகர்களுக்கு முழுநேரப் பயிற்சி அளித்து அவர்களை உருவாக்கியது. 45 மணி நேரத்தில் அதன் நிழலைக்கூடத் தொட முடியாது. நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் மேடையேற்றத்தைக் கல்லூரி நாள் விழாவோடு இணைத்தார்கள். அதன் பிறகு ஒத்திகை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. நன்றாகப் பேசும் ஆறு பேர் நடித்தார்கள், மற்ற இருபத்தைந்து பேர் நாற்காலி தூக்கினார்கள், உடை வாடகைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் நடந்தது. ஒளி பற்றி, அரங்கப் பொருள் பற்றி, ஏன் பிரதியைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

எனினும் அந்த வழியிலிருந்து இரண்டு வாரங்களை மட்டும் கடன் வாங்கலாம். இருண்ட அறையில் ஒருவரை அமர வைத்து, ஒரே விளக்கை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காலடியிலிருந்தும் காட்டினால், அசையாத அந்த முகம் களைப்பு, வஞ்சகம், பயம் என மாறித் தெரியும். இதற்கு நடிக்கத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த நாடகத்துக்குப் போகும்போது அந்த வகுப்பு முழுவதும் விளக்குகள் எங்கே மாட்டப்பட்டிருக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தது.

ஆகவே என் தேர்வு பார்க்கும் வழிதான். முதல் பத்து வாரங்களில் ஐந்து நிகழ்வுகளையும் பார்த்துவிட வேண்டும். அடுத்த இரண்டு வாரங்கள் ஒளிக்கும் அரங்கப் பொருளுக்கும், கடைசி மூன்று வாரங்கள் பிரதிக்கும் போதும். பார்த்த நாடகம் ஒன்றின் பிரதியையே அப்போது வாசிக்கலாம். மேடைக் குறிப்பை யாரும் தாவ மாட்டார்கள். அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்ற பகிர்வு இதற்கு இடைஞ்சல்தான். எனவே, ‘நீங்கள் பார்த்த ஒரு காட்சியில் நடிகர் பேசாத கணம் ஒன்றை விவரிக்க’ என்பது போன்ற வினாக்களைத் தேர்வு வாரியம் ஏற்குமா என்பதைச் சேரும் முன்பே பேராசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதுகலைத் தமிழுக்கோ தகுதித் தேர்வுக்கோ இப்போதே தயாராகிறவர்களின் நிலை வேறு. அங்கே கேட்கப்படுவது ஆண்டுகளும் ஆசிரியர்களும் நூற்பெயர்களும் ஆதலால், வாசிப்பு வழியில் நடக்கும் தாளை அவர்கள் எடுத்துக்கொண்டு, கூத்துக்குத் தம் சொந்தச் செலவில் ஓர் இரவு போய்வரலாம்.