449 ரூபாய் முயல் ஹார்னஸ்: ஒரு தையல்காரியின் ரிவ்யூ

முயலைக் கயிற்றில் பிடித்து வெளியே கூட்டிப்போக அதன் உடம்பில் மாட்டும் பட்டைதான் ஹார்னஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று துணிக்கு. இன்னொன்று, இதை வாங்கப்போய் என் முயல்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதற்கு. கம்பெனிப் பெயர் போடவில்லை. ஆன்லைனில் இதே சாமான் பத்துப் பெயரில் வருகிறது, படத்தில் இருக்கும் முயல் மட்டும்தான் மாறுகிறது.

கோவை சாய்பாபா காலனியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடம் ஆகப்போகிறது. வீட்டில் இரண்டு முயல்கள். வெள்ளை ஆண் பாபின், சாம்பல் பெண் காஜா. பாபினுக்குக் கருத்தடை ஆப்பரேஷன் ஆகிவிட்டது, இல்லையென்றால் இந்நேரம் வீட்டில் எங்களுக்கு இடம் இருக்காது. மெஷின் மோட்டார் வயரை ஒருமுறை கடித்துத் துண்டாக்கிய நாளிலிருந்து இரண்டுக்கும் கடைக்குள் அனுமதி இல்லை. உள் ரூமும் பின்கட்டும்தான் அவர்கள் ராஜ்ஜியம்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஜப்பானில் முயலைக் கயிறு கட்டிப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். அங்கே அதற்குத் தனிப் பெயரே இருக்கிறதாம். உசாகி என்றால் முயல், சன்போ என்றால் நடை, இரண்டையும் ஒட்டி ‘உசன்போ’. ஸ்வீடனில் 1970-களிலேயே முயலுக்கு வார் மாட்டித் தடை தாண்டவிடும் விளையாட்டைத் தொடங்கிவிட்டார்கள். “நம்ம பாபின் மட்டும் எப்பப் பார்த்தாலும் ரூமுக்குள்ளயே கிடக்குதும்மா, பாவம்” என்றாள். அந்தப் ‘பாவம்’தான் 449 ரூபாய்.

பார்சல் வந்ததும் நான் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்த்தேன். தொழில் புத்தி. துணி நன்றாகவே இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் ஷூவின் மேல்பக்கத்தில் வருமே, அந்த மாதிரி வலைத்துணி. காற்றுப் போகும், அலசிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, சாயம் போகவில்லை. கழுத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று இரண்டு வெல்க்ரோ, அதன்மேல் பிளாஸ்டிக் பக்கிள். முதுகில் கயிறு மாட்ட ஒரு டி-வளையம்.

கோளாறு அந்த வளையத்தில்தான். அதைப் பிடித்திருக்கும் நாடாவுக்கு ஒரே ஒரு வரித் தையல், அதுவும் முனையில் ரிவர்ஸ் அடித்துப் பூட்டவில்லை. நகத்தால் நெருடினேன், நூல் கையோடு வந்துவிட்டது. ஸ்கூல் பையின் தோள் வாரைப் பாருங்கள், சதுரமாக அடித்து அதற்குள் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். இழுபடும் இடத்தில் அப்படித்தான் அடிக்க வேண்டும். நைலான் நூல் கோத்து, பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டு நானே அடித்தேன். தைக்கத் தெரியாதவர்கள் வாங்கினால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

அடுத்தது அளவு. எஸ் சைஸ், மார்பு 11 முதல் 13 இஞ்ச் வரை என்று போட்டிருந்தது. பாபினுக்கு 12½. டேப் வைத்து அளந்தால், ஹார்னஸை முழுக்க இறுக்கினாலே 13 வருகிறது. ரெடிமேட் ஜாக்கெட் வாங்கிவிட்டு “கொஞ்சம் புடிச்சுக் குடுங்கக்கா” என்று என்னிடம் வருகிறவர்களுக்கு எத்தனை உபதேசம் செய்திருப்பேன்! இறுக்கமும் கூடாது, தொளதொளப்பும் கூடாது. துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான். முன்னங்கால் வரும் ஓட்டையைச் சுற்றி முரட்டுப் பைப்பிங் (ஓரத்தில் தடிப்பாகத் தைக்கும் பட்டி) வேறு. இரண்டு நாள் வீட்டுக்குள் பத்துப் பத்து நிமிடம் போட்டுப் பழக்கியதற்கே பாபினின் அக்குளில் முடி உதிர்ந்து ஒரு கோடு விழுந்துவிட்டது.

அப்புறம் அந்த வெல்க்ரோ சத்தம். நமக்கு ‘சர்ர்’ என்பதோடு சரி. முதல்முறை பிரித்தபோது பாபின் கட்டிலுக்கு அடியில் ஓடிப் பின்னங்காலால் தரையைத் ‘தொம்’ என்று அடித்தான். ஆபத்து வந்தால் முயல் அப்படித்தான் எச்சரிக்கை செய்யும். அடுத்த ரூமில் இருந்த காஜாவும் எழுந்து நின்றுவிட்டாள்.

ஆனாலும் போனோம். மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி, பக்கத்தில் இருக்கும் பூங்கா. புல்லில் இறக்கிவிட்டதும் பாபின் அப்படியே படிந்து உட்கார்ந்தான். காது முதுகோடு ஒட்டியிருந்தது. அசையவே இல்லை. வாக்கிங் வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். “எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு பாருங்க” என்று ஆளாளுக்கு போட்டோ. பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, “ஏன் அம்மணி, கறிக்கு வளத்தறதுங்களா?” என்று கேட்டார். மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, எங்கள் பக்கத்தில் பலரும் அதற்குத்தான் வளர்க்கிறார்கள்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்களே, அப்படி ஒரு பைக் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. பாபின் முன்னால் ஓடவில்லை. பின்னால் போனான். நாய்க்கும் முயலுக்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் புரிந்தது. தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, பனியனைக் கழற்றுவது போல ஹார்னஸை உருவிவிட்டுப் போய்விட்டான். மகள் கையில் கயிறு, கயிற்றின் முனையில் என் கெட்டித் தையலோடு காலி ஹார்னஸ். வாசலில் நின்ற காருக்கு அடியிலிருந்து அவனை வெளியே கொண்டுவர 25 நிமிடம் ஆனது. தெருநாய் எதுவும் வராதது எங்கள் நல்ல காலம். கையில் எடுத்தபோது காது இரண்டும் சுட்டது. முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். 28, 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம். நம் ஊரில் மார்ச்சில் எட்டரை மணி வெயிலே போதும்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். காயம் இல்லை. ஹார்னஸ் உருவிவந்ததே நல்லதாகப் போயிற்று என்றார். இறுக்கிப் பிடித்த நிலையில் திமிறி உதைத்தால் முயல் தன் உதையாலேயே தன் கீழ் முதுகெலும்பை உடைத்துக்கொள்ளுமாம். அதன் மொத்த எலும்புக்கூடும் உடல் எடையில் சுமார் எட்டு சதவீதம்தான். பூனைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று இருக்கும். மெல்லிய எலும்பு, முரட்டுத் தொடை. கழுத்தில் மட்டும் பட்டை கட்டுவது அதைவிட மோசம், செய்யவே கூடாது.

பூங்காவில் எடுத்த வீடியோவை மகள் பெருமையாக அவரிடம் காட்டினாள். இரண்டு முறை பார்த்துவிட்டு, “இது சமத்தா உக்காந்திருக்கலைங்கம்மா, பயத்துல உறைஞ்சு போயிருக்கு. கண்ணப் பாருங்க” என்றார். பார்த்தோம். கண் பிதுங்கி வெள்ளை விழி தெரிகிறது. மூக்கு, என் மெஷின் ஊசி ஓடும் வேகத்தில் துடிக்கிறது. முந்தின நாள் ராத்திரி அதே வீடியோவைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்திருந்தோம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் முயலுக்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து எது பிடிக்க வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிராணி. அதை வெட்டவெளியில், ஒளிய ஒரு பொந்துகூட இல்லாத புல்தரையில் நடுவாக உட்கார வைத்திருக்கிறோம்.

அதோடு விட்டிருக்கலாம். ‘வெயில்தானே பிரச்சினை, குளிரில் கூட்டிப்போனால்?’ என்று எனக்கே ஒரு நப்பாசை. நாத்தனார் குன்னூரில் இருக்கிறாள். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில், கொடைக்கானல் மன்னவனூரில் எல்லாம் அரசாங்கமே முயல் பண்ணை வைத்திருக்கிறது, மலைக் குளிர் முயலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்து, இரண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இரண்டையும் ஏன் என்றால், ஒன்றை மட்டும் கூட்டிப்போய் வேற்று வாசனையோடு திரும்பக் கொண்டுவந்தால் வீட்டில் இருந்தது அதை அடையாளம் தெரியாமல் கடிக்கப் போகும்.

முயலைத் தூக்கிப்போக இதற்காக வாங்கிய முதுகுப்பைக்கும் சேர்த்து இங்கேயே ரிவ்யூ. முன்பக்கம் கண்ணாடிக் குமிழ் வைத்தது, 1,150 ரூபாய். ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு உள்ளே கை விட்டேன், இட்லிச் சட்டி. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். கடைசியில் எடுத்துப்போனது மேல்பக்கம் திறக்கும் பிளாஸ்டிக் கூண்டுதான், பூனைக்கு விற்பது. மேலிருந்து கை விட்டு அடியோடு ஏந்தித் தூக்கலாம், முன் கதவு வழியாகக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. அடியில் துண்டு விரித்து, காய்ந்த புல் நிறையப் போட்டுவிட்டால் போதும். நான்கு நட்சத்திரம். டாக்டரிடம் போக எப்படியும் ஒன்று வேண்டும்.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. பதினான்கு. முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது தெரியுமா? அதன் உடம்பு அமைப்பே அப்படி. தலை சுற்றினாலும் குமட்டினாலும் வெளியே ஒன்றும் தெரியாது, சாப்பிடுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். பாபின் நிறுத்திவிட்டான்.

காஜா கதையே வேறு. பாபினுக்குப் பெரிதாக இருந்த அதே ஹார்னஸ் அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. நாத்தனார் வீட்டுப் பின்புறப் புல்லில் விட்டோம். சுற்றிலும் மதில், நாய் இல்லை, சத்தம் இல்லை. கால்மணி நேரம் மோப்பம் பிடித்தாள். தாடையைக் கல்லிலும் தொட்டியிலும் தேய்த்துத் தேய்த்து வாசனை வைத்தாள். அப்புறம் திடீரென்று அந்தரத்தில் துள்ளி, தலை ஒரு பக்கம் இடுப்பு ஒரு பக்கம் திருகிக்கொண்டு ஒரு குதி! முயலுக்குச் சந்தோஷம் வந்தால் போடும் குதி அது. நாங்கள் கயிற்றை இழுக்கவே இல்லை, அவள் பின்னால் கயிறும் நாங்களும் போனோம். அந்த அரை மணி நேரத்துக்கு ஹார்னஸுக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம்.

கூண்டின் மூலையில் பாபின். காலை பத்து மணிக்குக் கிளம்பியதிலிருந்து ஒரு புல்லைத் தொடவில்லை. சாயங்காலம் துண்டை எடுத்து உதறினேன், புழுக்கை ஆறே ஆறு, மிளகு அளவில். வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவில் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவான். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் அது அவசர சிகிச்சை கேஸ் என்று டாக்டர் போனில் சொன்னார். காஜாவைக் கூண்டுக்குள்ளேயே அவனோடு விட்டு, விளக்கை அணைத்து, ஒருவரும் எட்டிப் பார்க்காமல் இருந்தோம். இரவு 9.40-க்கு இருட்டில் ‘கறுக் கறுக்’ என்று சத்தம். நாத்தனார் போட்டிருந்த கொத்தமல்லித் தழையைக் கடித்துக்கொண்டிருந்தான். என் மகள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது கேட்டால் சொல்வேன்: வெளிக்காற்று முயலுக்கு நல்லது, பயணம் நல்லதில்லை. ஓடவும், தோண்டவும், புல் மேயவும் அதற்கு இடம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது தினமும் ஒரே இடமாக இருக்க வேண்டும், ஓடி ஒளிய ஒரு பெட்டியாவது பக்கத்தில் இருக்க வேண்டும். புது ஊர், புது ஆள் எல்லாம் நமக்குத்தான் அவுட்டிங்.

எனவே கடைசியாக வாங்கியது மடக்குக் கம்பி வேலி. எட்டுத் தட்டி, ஒவ்வொன்றும் இரண்டடி உயரம், 1,900 ரூபாய். நாலு நட்சத்திரம். ஒன்று குறைத்தது உயரத்துக்கு. மூன்றாம் நாளே காஜா தாண்டிவிட்டாள். மூன்றடி வாங்குங்கள். பின்கட்டில் முருங்கை நிழலில் போட்டு, மேலே பருந்துக்கும் பூனைக்கும் பயந்து பழைய கொசுவலை தைத்துப் போர்த்தியிருக்கிறேன். வேலியோரம் இருந்த அரளியையும் உண்ணிச்செடியையும் வேரோடு பிடுங்கினேன், இரண்டும் முயலுக்கு விஷம். அருகம்புல் தானாக வருகிறது. தீவனச் செடியான வேலிமசால் விதை வாங்கிப் போட்டிருக்கிறேன். முயல் விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும், அதனால் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை. ஏழுக்கு மேல் வெயில், எனக்கும் கடை திறக்க வேண்டும்.

பாபின் முதல் வாரம் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் வாரம் மூக்கு வந்தது. போன செவ்வாய்க்கிழமை முருங்கை மரத்தடியில் ஒரு குழி தோண்டி, அதற்குள் பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்து, காலை நீட்டிப் படுத்துவிட்டான். செத்துவிட்டானோ என்று ஓடினேன். தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

ஹார்னஸ் கடை ஆணியில் தொங்குகிறது. மார்பு 13 இஞ்சுக்குக் குறையாத, காஜா மாதிரி தைரியமான முயல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். டி-வளையம் இனி பிய்யாது. பைப்பிங்கைப் பிரித்துவிட்டுப் பருத்தித் துணியில் மடித்து அடித்துத் தருகிறேன், ஒரு நாள் டைம் கொடுங்கள்.