தகரமா, கண்ணாடியிழையா?

ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்தால் எவருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வரும். நுவரெலியாவின் மூடுபனி அதன் தகரத்தை என்ன செய்யும் என்பது பிறகுதான் தெரியும்.

1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் முன் மட்கார்டுகள் போல்ட்டில் பூட்டப்பட்டவை. கழற்றிவிட்டுக் கண்ணாடியிழையில் செய்ததை மாட்டலாம். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் கதவோடு இடைவெளி பொருந்தும்வரை தேய்த்தே கை ஓய்ந்துவிடும். மோதினால் நசுங்காது, விரிசல் விட்டு உடைந்துவிடும்.

கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’லில் (நம் சில்லு அல்ல, அது சக்கரம்) இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கூரையற்ற வண்டியின் பாரத்தைப் பெரிதும் அந்தச் சில்தான் தாங்குகிறது. துருவின்மேல் இழையையும் பிசினையும் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு அரித்துக்கொண்டே இருக்கும். அழுகியதை வெட்டியெறிந்து புதுத் தகரத்தை வெல்டிங் செய்வதே வழி. வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும்.

எனக்கென்றால் மட்கார்டும் தகரமே. பந்தயம் ஓடுபவர் வேண்டுமானால் இழைக்குப் போகட்டும்.