லண்டனோடு மல்லுக்கு நின்ற மூன்று கவர்னர்கள்: யார் வழி பலித்தது?

மேலிடத்து ஆணை தவறு என்று பட்டால் ஒரு கவர்னர் என்ன செய்யலாம்? ஆணையைக் கிடப்பில் போட்டுக் காரணம் எழுதலாம், பத்திரிகையில் போட்டு உடைக்கலாம், ராஜினாமாவை நீட்டலாம். நியூசிலாந்தில் ஜார்ஜ் கிரே, சென்னையில் சார்லஸ் டிரெவெல்யன், கல்கத்தாவில் வைஸ்ராய் கர்சன் ஆகியோர் ஆளுக்கொரு வழியில் போனார்கள். மூவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஜெயித்தவர் கிரே மட்டும்.

டிரெவெல்யன் கதைதான் விசித்திரம். 1840 முதல் 1859 வரை லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் செலவுக்குக் கடிவாளம் போட்டவர் அவர். 1860 பிப்ரவரியில் வைஸ்ராய் கவுன்சிலின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கல்கத்தாவில் வருமான வரியை அறிவித்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் வருமானம் இருந்தாலே வரி. வரி வேண்டாம், படைச்செலவைக் குறையுங்கள் என்பது டிரெவெல்யன் வாதம். ஆனால் 1833 சாசனச் சட்டத்திலேயே சென்னையின் சட்டமியற்றும் அதிகாரம் பறிபோயிருந்தது. முறைப்படி அவர் கல்கத்தாவுக்கு எழுதலாம், அவ்வளவே. அவரோ மார்ச் மாதம் தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வரவிட்டார். 1857 கிளர்ச்சி அடங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். அரசுக்குள்ளேயே பிளவு என்று ஊரறியச் சொன்னதை லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான மந்திரி சார்லஸ் வுட்டால் விழுங்க முடியவில்லை. டிரெவெல்யன் மேல் மதிப்பு வைத்திருந்தவர்தான். ஆனாலும் திருப்பி அழைத்தார். வரி ஜூலையில் சட்டமானது. வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் அதே டிரெவெல்யன் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865-ல் அந்த வரி காலாவதியானதும் அவர் காலத்தில்தான்.

கிரே ஊரைக் கூட்டவில்லை. நியூசிலாந்துக்கு 1846-ல் நாடாளுமன்றம் செய்து அனுப்பிய அரசியல் சட்டத்தில், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் வாக்கு. அப்படியென்றால் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளில் பெரும்பாலானோர் வெளியே. கிரே அதை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்திவைத்து, 1847 மே மாதம் குடியேற்ற மந்திரிக்குக் கடிதம் எழுதினார்: சிறுபான்மைக் குடியேறிகள் கையில் ஆட்சியைக் கொடுத்தால் மறுபடி போர் மூளும். வடக்கே ஒரு போரை அப்போதுதான் முடித்திருந்தவர் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. கப்பல் தபால் போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும். அதுவரை ஆணை தானாகவே தூங்கியது. 1848-ல் நாடாளுமன்றமே சட்டத்தின் முக்கியப் பகுதியை ஐந்தாண்டு தள்ளிவைத்தது. மந்திரி மானம் கெடாமல் பின்வாங்க இடம் விட்டதுதான் சூட்சுமம்.

ஆனால் கிடப்பில் போடுவது வேறு, கூடாது என்றதைச் செய்வது வேறு. பின்னாளில் இதே கிரே தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் கவர்னராக இருந்தபோது, அந்தப் பகுதிகளை இணைக்கும், லண்டன் விரும்பாத கூட்டாட்சித் திட்டத்தை ஊக்குவித்தார். 1859-ல் அவரையும் திருப்பி அழைத்தார்கள். ஆட்சி மாறியதால் பதவி திரும்பக் கிடைத்தது, அந்தத் திட்டத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கர்சன் காலத்தில் தபால் தாமதம் என்ற கேடயம் இல்லை, தந்தி வந்துவிட்டது. வைஸ்ராயின் கவுன்சிலில் தலைமைத் தளபதியைத் தவிர ராணுவ உறுப்பினர் என்று இன்னொருவர் இருப்பதை ஒழிக்க வேண்டும் என்றார் தளபதி கிச்னர். 1905 மார்ச்சில் கவுன்சில் உறுப்பினர்கள் அதை எதிர்த்த கர்சன் பக்கம் நின்றார்கள். பயனில்லை. கிச்னர் தனிக் கடிதங்கள் வழியாக லண்டன் பெரிய வீடுகளில் ஆதரவு திரட்டியிருந்தார். ராஜினாமா மிரட்டலும் விட்டார். ஆட்டம் கண்டிருந்த பிரிட்டிஷ் பிரதமர் பால்ஃபரின் அரசுக்கு, மக்கள் கொண்டாடும் தளபதியை இழப்பதைவிட வைஸ்ராயை இழப்பது மலிவு. கர்சனோ ராஜினாமாப் பேச்சை முன்பே எடுத்து எடுத்து அதன் கூர் மழுங்கியிருந்தது. ஆகஸ்டில் நிஜமாகவே நீட்டினார், வாங்கிக்கொண்டார்கள்.

கிச்னர் கேட்ட ஏற்பாடு 1909-க்குள் முழுமையானது. 1916-ல் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) கூட் நகரப் படை சரணடைந்தபின் அமைந்த விசாரணைக் குழு, தளபதி வேலையும் ராணுவ உறுப்பினர் வேலையும் ஒரே ஆள் தலையில் விழும் அந்த முறையைக் கடுமையாகக் குறை கூறியது. 1917-ல் அறிக்கை வெளிவந்தபோது கர்சன் லண்டனில் போர் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்.